எங்கடீன்: இரண்டு ரயில்களுக்கு நடுவே கட்டிய கப்பல்

1911 செப்டம்பர் 23 அன்று, ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் ஊரில் வில்லியம் டென்னி அண்ட் பிரதர்ஸ் தளத்திலிருந்து ஒரு சிறிய நீராவிக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. 1941 டிசம்பர் 17 அதிகாலையில் அதே கப்பல் வேறொரு பெயரோடு மணிலா விரிகுடாவின் வாயிலில் மூழ்கியது. இறந்தவர்கள் 900 முதல் 1,200 பேர் வரை இருக்கலாம் என்பதுதான் மதிப்பீடு. சரியான எண்ணிக்கை கடைசி வரை கிடைக்கவில்லை.

நடுவில் இருந்த 30 ஆண்டுகளில் அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றியது, விமானங்களைச் சுமந்தது, ஒரு பெரிய கடற்போரில் பங்கெடுத்தது, தன்னைவிடப் பல மடங்கு கனமான போர்க்கப்பலை ஓர் இரவு முழுக்க இழுத்தது. இவ்வளவையும் செய்த எங்கடீன் கட்டப்பட்டதோ ஒன்றரை மணி நேரப் பயணத்துக்காக. அந்த அமைப்பு அதற்கு எங்கெல்லாம் கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

ரயில் கம்பெனிக்கு எதற்குக் கப்பல் என்று நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போன தலைமுறை நம்மிடம் இருந்தது. 1914-ல் தொடங்கிய அந்தப் பாதையில் கப்பல் ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. ஆங்கிலக் கால்வாயில் அதே ஏற்பாடு அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வந்துவிட்டது. லண்டனிலிருந்து ஃபோக்ஸ்டன் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து பிரான்சின் பூலோனுக்குக் கப்பல், பூலோனில் பாரிஸ் ரயில். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட். கப்பல் தாமதித்தால் அந்தப் பக்கம் ரயிலும் தாமதிக்கும். அதனால்தான் ரயில் கம்பெனிகள் கடலை இன்னொருவர் கையில் விட விரும்பவில்லை.

எங்கடீனின் சொந்தக்காரர் சவுத் ஈஸ்டர்ன் அண்ட் சாத்தம் ரயில்வே. ஒரே மாவட்டத்தில் பல காலம் முட்டிமோதிய இரண்டு கம்பெனிகள் 1899-ல் கைகோத்துப் பிறந்த நிர்வாகம் அது. 1903-ல் 'தி குயின்' என்ற கப்பலை இறக்கி, கால்வாயில் டர்பைன் (நீராவியால் சுழலும் சக்கர இயந்திரம்) கப்பலை முதலில் ஓட்டியவர்களும் இவர்களே. அதையும் கட்டியது டென்னி தளம்தான். அதே தளத்தில் 1911-ல் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு கப்பல்கள் உருவாயின: ரிவியேரா, எங்கடீன். ரிவியேரா என்பது மத்தியதரைக் கடற்கரையின் உல்லாசப் பகுதி, எங்கடீன் சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்கு. கப்பலில் ஏறுகிறவருக்கு பூலோனைப் பற்றி என்ன அக்கறை? அவர் போக ஆசைப்படும் ஊரின் பெயரையே கப்பலுக்கு வைத்துவிட்டார்கள். டிக்கெட் விற்கத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது.

கப்பலின் நீளம் ஏறக்குறைய 98 மீட்டர், அகலம் சுமார் 12 மீட்டர். மூன்று டர்பைன்கள், மூன்று சுழல்விசிறிகள், ஆறு கொதிகலன்கள். வேகம் 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) என்ற அளவுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஃபோக்ஸ்டனிலிருந்து பூலோனுக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். இந்தக் கணக்கிலிருந்து கப்பலின் வடிவமே வந்துவிடுகிறது. நாள் கணக்கில் கடலில் கிடக்க வேண்டியதில்லை என்பதால் சரக்குக்கும் உணவுக்கும் பெரிய கிடங்குகள் தேவையில்லை. அந்த இடமெல்லாம் ஆட்களுக்குப் போகும். ஒன்றரை மணி நேரம்தானே என்று கூட்டத்தை நெருக்கியும் உட்கார வைக்கலாம். துறைமுகங்கள் ஆழம் குறைந்தவை, ஆகவே அடிப்பகுதி தண்ணீருக்குள் அதிகம் இறங்கக் கூடாது. தினமும் துறைச் சுவரோடு உரசுகிற பிழைப்பு என்பதால் பக்கவாட்டில் தடித்த உராய்வுக் கட்டை ஒன்று ஓடும். இந்தக் கட்டையை நினைவில் வையுங்கள், பின்னால் சுமார் எழுநூறு பேரின் உயிர் இதன் மேல் நிற்கப் போகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் கப்பலோடு சேர்ந்து வந்தது. ரயில்வேயில் ஒரு வண்டி நகர வேண்டுமென்றால் அடுத்த நிலையத்தின் சம்மதம் வேண்டும். நம் ஸ்டேஷன் மாஸ்டர்கள் இதை 'லைன் கிளியர்' என்பார்கள். முன்னால் பாதை காலி என்ற செய்தி வராமல் யாரும் நகர்வதில்லை. கடலில் தண்டவாளம் கிடையாது என்றாலும், ரயில்வே கப்பலின் இரு முனையிலும் ஒரே கால அட்டவணைக்குக் கட்டுப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். எந்தக் கப்பல் எப்போது கிளம்பும், எந்தத் துறையில் நிற்கும் என்பது கரைக்குத் தெரியும். அந்தப் பாதுகாப்பு கப்பலோடு கூடவே போகும் பொருள் அல்ல, கரையில் தங்கிவிடுவது. எங்கடீனின் கதையை எத்தனை முறை புரட்டினாலும் நான் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

மூன்று கோடைகள்கூட முழுதாக ஓடவில்லை, முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1914 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் கடற்படை எங்கடீன், ரிவியேரா, இவற்றுக்கு மூத்த எம்ப்ரஸ் ஆகிய மூன்று ரயில்வே கப்பல்களையும் எடுத்துக்கொண்டது. அப்போது கடற்படைக்குத் தேவைப்பட்டது, போர்க்கப்பல்களோடு ஈடுகொடுத்து ஓடக்கூடிய, மேல்தளத்தில் இடமுள்ள கப்பல். வேகமும் இடமும் சேர்ந்து தயாராகக் கிடைத்தது கால்வாய்க் கப்பல்களில்தான். சாத்தம் தளத்தில் கித்தான் கொட்டகைகள் போட்டு, உள்ளே கடல் விமானங்களை நிறுத்தினார்கள். பிறகு 1915-ல் லிவர்பூலில் குனார்ட் நிறுவனம் பின்பகுதியில் நான்கு விமானங்கள் நிற்கும் நிலையான கொட்டகையையும் கிரேன்களையும் அமைத்தது. விமானத்தின் வயர்லெஸ் பழுதானால் செய்தி அனுப்புவதற்காகப் புறாக்கூடு ஒன்றும் வைத்தார்கள்.

அன்றைய கடல் விமானம் கப்பலிலிருந்து பறந்து கிளம்பாது. கப்பல் நடுக்கடலில் நிற்க வேண்டும், கிரேன் விமானத்தைத் தூக்கித் தண்ணீரில் வைக்க வேண்டும், அது மிதவைகளில் ஓடி எழும்ப வேண்டும். அலை கொஞ்சம் எழுந்தாலே மிதவை உடையும். நிற்கிற கப்பலோ நீர்மூழ்கிக்கு எளிய இரை. வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்த கப்பலை, வேலை நேரத்தில் அசையாமல் நிறுத்த வேண்டியிருந்தது.

1914 கிறிஸ்துமஸ் அன்று இந்த மூன்று கப்பல்களும் ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் பக்கம் போய் ஒன்பது விமானங்களை இறக்கின. ஏழு எழும்பின. செப்பலின் என்ற ஜெர்மன் வான்கப்பல்களின் கொட்டகைகளைத் தேடிப் போனவர்களுக்கு மூடுபனியில் அவை அகப்படவில்லை. ஆனாலும் ஏழு விமானங்களின் ஆட்களும் உயிரோடு மீண்டார்கள். கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் எதிரியின் கரையைத் தாக்கப் புறப்பட்டதில் முன்னோடி முயற்சி அது. 1916 மே 4 அன்று டோண்டர்ன் செப்பலின் தளத்தின் மீது நடந்த முயற்சி இன்னும் மோசம். எங்கடீனும் விண்டெக்ஸ் என்ற இன்னொரு விமானக் கப்பலும் கொண்டுபோன 11 விமானங்களில் எட்டு எழும்பவே இல்லை, ஒன்றே ஒன்றுதான் இலக்குவரை போனது.

நான்கு வாரத்தில், பிரிட்டிஷ், ஜெர்மன் கப்பற்படைகள் மோதிய ஜட்லாந்து கடற்போர் வந்தது.

1916 மே 31 பிற்பகல். பிரிட்டிஷ் அட்மிரல் பீட்டியின் போர்க்குரூசர் (வேகமான பெரிய போர்க்கப்பல்) அணியோடு எங்கடீன் ஓடிக்கொண்டிருந்தது. எதிரி தென்பட்டதாகச் செய்தி வந்ததும், விமானத்தை அனுப்பிப் பார்க்கச் சொன்னார் பீட்டி. 3 மணி 7 நிமிட வாக்கில் ஷார்ட் 184 வகை விமானம், எண் 8359, தண்ணீரிலிருந்து எழும்பியது. ஓட்டியவர் ஃபிரெடரிக் ரட்லண்ட். பின்னால் அமர்ந்து பார்த்து, வயர்லெஸ் தட்டியவர் ஜார்ஜ் ட்ரூயின். கடற்படைக் கணக்கர் பதவியில் இருந்தவர் அவர். மேகம் முந்நூறு மீட்டருக்கும் கீழே தொங்கியது. எதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களின் பீரங்கிகளுக்குப் பக்கத்திலேயே போக வேண்டும், போனார்கள். ஜெர்மன் குரூசர்களையும் டெஸ்ட்ராயர்களையும் எண்ணினார்கள். அவை திரும்பித் தெற்கு நோக்கிப் போவதையும் கண்டு, ஒவ்வொன்றாகச் செய்தி அனுப்பினார்கள். போர் நடக்கும் கடலில் எதிரிக் கப்பற்படையை ஒரு விமானம் வேவு பார்த்தது அதுவே முதல் முறை.

3.45 வாக்கில் பெட்ரோல் குழாய் உடைந்தது. ரட்லண்ட் கடலில் இறங்கி, தன் உயிர்காப்புச் சட்டையின் ரப்பர் குழாயை வெட்டி, பெட்ரோல் குழாயை ஒட்டுப்போட்டார். மறுபடி பறக்கத் தயார் என்றார். கப்பலுக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். கிரேன் விமானத்தைத் தூக்கி மேலே வைத்தது. அதன்பின் அன்று எந்த விமானமும் கிளம்பவில்லை.

அனுப்பிய செய்திகள் எங்கடீனுக்கு வந்து சேர்ந்தன. எங்கடீனிலிருந்து பீட்டியின் லயன் கப்பலுக்குத்தான் போகவில்லை. தேடுவிளக்கை மினுக்கிப் பார்த்தார்கள், பலன் இல்லை. ஜட்லாந்தில் பிரிட்டிஷ் தரப்பில் செய்தித் தொடர்பு பல இடங்களில் அறுந்தது என்பதைப் போரைப் படித்த எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். எங்கடீனில் அறுந்த இழை அவற்றில் சிறியதுதான். ஆனால் இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த தகவல், அது தேவைப்பட்டவருக்குச் சில மைல் தூரத்தில் நின்றுபோனதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. விமானம் வேலை செய்தது, வயர்லெஸ் வேலை செய்தது. கேட்டுவிட்டேன் என்று சொல்ல அடுத்த முனையில் ஆள் இல்லை.

அன்று மாலை எச்.எம்.எஸ். வாரியர் என்ற கவசக் குரூசர் ஜெர்மன் குண்டுகளால் நொறுங்கி, இயந்திர அறைகளில் தண்ணீர் ஏறி நின்றது. சுமார் 13,500 டன் எடை. பக்கத்தில் உதவிக்கு இருந்தது எங்கடீன்தான், அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கேப்டன் சார்ல்ஸ் ராபின்சன் வடத்தைக் கட்டி இழுக்கத் தொடங்கினார். நேரடியாக விசிறியைச் சுழற்றும் டர்பைனுக்கு மெதுவான வேகம் ஒத்துவராது, பூலோனுக்குப் பாய்ந்து போகச் செய்த இயந்திரம் அது. இருந்தும் இரவு முழுக்க இழுத்தது. விடியும்போது காற்று எழுந்தது, வாரியரின் பின்பகுதி மேலும் மேலும் தாழ்ந்தது. இனித் தாங்காது என்று காலை எட்டு மணி வாக்கில் முடிவெடுத்தார்கள். வடத்தை விடுவித்துவிட்டு எங்கடீன் வாரியரின் பக்கத்திலேயே வந்து ஒட்டி நின்றது.

புரளும் கடலில் இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக நிற்பது என்றால் ஒன்றையொன்று இடித்து நொறுக்கும் என்று பொருள். எங்கடீனின் பக்கத்தில் துளைகள் விழுந்தன. ஆனால் உடல் பிளக்கவில்லை. துறைச் சுவரில் உரசுவதற்காக ரயில்வே காலத்தில் போட்ட அந்தத் தடித்த கட்டை இடியைத் தாங்கியது. வாரியரின் ஆட்கள் மேல்தளத்தில் வரிசை கலையாமல் நின்று, சொன்னபோது தாவினார்கள். கிட்டத்தட்ட 700 பேர். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் கைமாற்றியபோது ஒருவர் வழுக்கி இரண்டு கப்பல்களுக்கும் இடையில் விழுந்தார். குதித்தால் நசுங்கிச் சாவாய் என்று மற்றவர்களைத் தடுத்திருந்த நேரத்தில், ரட்லண்ட் ஒரு கயிற்றோடு கீழே இறங்கிவிட்டார். முந்தின நாள் விமானம் ஓட்டிய அதே ரட்லண்ட்தான். விழுந்தவரை மேலே கொண்டுவந்தார், ஆனால் அவர் ஏற்கெனவே நசுங்கி இறந்திருந்தார். அந்தச் செயலுக்காக ரட்லண்டுக்கு, உயிர்காக்கத் துணிந்தவர்களுக்குத் தரும் ஆல்பர்ட் பதக்கம் கிடைத்தது.

எழுநூறு பேரைத் திடீரென்று ஏற்றிக்கொண்டு கரை சேர ஓர் இடத்தில் கூட்டத்தைத் தாங்கும் தளங்களும் படிகளும் வழிகளும் வேண்டும். அவை எங்கடீனில் பிறவியிலேயே இருந்தன. பிள்ளை குட்டிகளோடும் பெட்டி படுக்கைகளோடும் ஏறுபவர்களுக்காகப் போட்ட வழிகள், அன்று தீயில் கருகிய மாலுமிகளுக்குப் பயன்பட்டன.

போரின் கடைசி ஆண்டை எங்கடீன் மால்டாவில் நீர்மூழ்கிகளைத் தேடுவதில் கழித்தது. போர் முடிந்ததும் ரயில்வேயிடம் திரும்பியது. கொட்டகையும் பீரங்கிகளும் போய், மறுபடி பயணிகள் ஏறினார்கள். 1923-ல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகளை நான்காகத் தொகுத்தபோது எங்கடீன் சதர்ன் ரயில்வேயின் சொத்தாக மாறியது. 1925-ல் ஐல் ஆஃப் தானெட், மெய்ட் ஆஃப் கென்ட், 1929-ல் கேன்டர்பரி என்று புதிய கப்பல்கள் வந்தன. பழையவற்றுக்கு ஓட்டமும் குறைந்தது, மதிப்பும் குறைந்தது.

1932-33 வாக்கில் இரட்டைப் பிள்ளைகள் பிரிந்தார்கள். ரிவியேராவை பர்ன்ஸ் அண்ட் லெயர்ட் நிறுவனம் வாங்கி, லெயர்ட்ஸ் ஐல் என்று பெயர் மாற்றி, ஸ்காட்லாந்துக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் நடுவில் பகல் நேரப் படகாக ஓட்டியது. எங்கடீன் போனது மணிலாவுக்கு. பெர்னாண்டஸ் எர்மனோஸ் என்ற நிறுவனம் வாங்கி, மணிலா விரிகுடாவின் வாயிலில் உள்ள கோட்டைத் தீவின் பெயரை வைத்தது: கொரெகிடோர்.

பிலிப்பைன்ஸின் உள்தீவுப் போக்குவரத்தில் இந்தக் கப்பலுக்குக் கிராக்கி இருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை, அவ்வளவு வேகம் அங்கே அபூர்வம். ஆனால் இங்கே பயணம் ஒன்றரை மணி நேரம் அல்ல. மணிலாவிலிருந்து இலோயிலோவுக்கும் செபுவுக்கும் இரவும் பகலுமாகத் தீவுகளுக்கு இடையே போக வேண்டும். பயணிகளை நெருக்கி உட்கார வைக்கும் அமைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் பிலிப்பைன்ஸைத் தாக்கியது. 10-ஆம் தேதி மணிலாவுக்கு எதிரே கவிட்டே கடற்படைத் தளம் எரிந்தது. நகரத்தை விட்டுத் தெற்குத் தீவுகளில் உள்ள சொந்த ஊருக்குப் போக ஜனங்கள் துறைமுகத்தில் முண்டியடித்தார்கள். 16-ஆம் தேதி இரவு கொரெகிடோர் கிளம்பியபோது குடும்பங்கள், மாணவர்கள், படைவீரர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறியிருந்தார்கள். போர்க்காலம் என்பதால் விளக்குகளை அணைத்துவிட்டு ஓடியது. பெயர்ப் பட்டியலில் இல்லாமல் ஏறியவர்களும் ஏராளம்.

விரிகுடாவின் வாயிலில் கடற்கண்ணிகள், அதாவது தண்ணீருக்குள் வைக்கும் வெடிகள், கிடந்தன. ஒரு பகுதி ராணுவத்தின் பொறுப்பு, கரையிலிருந்து மின்சாரத்தால் இயக்கக் கூடியவை. இன்னொரு பகுதி கடற்படை போட்டது, தொட்டாலே வெடிப்பவை. நடுவில் பாதுகாப்பான வழி ஒன்று விட்டிருந்தார்கள். நள்ளிரவு தாண்டி, இருட்டில் அந்த வழியிலிருந்து விலகிய கப்பல் கண்ணியில் மோதியது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் படியேறி வருவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

யார் தவறு என்பதில் அன்றைய சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கேப்டன் வழி தவறினார் என்பார்கள், கோட்டையில் இருந்தவர்கள் கண்ணிகளைச் செயலிழக்கச் செய்திருக்கலாம் என்பார்கள். ஒருவர் தலையில் மட்டும் பழியைக் கட்ட எனக்குச் சம்மதமில்லை. ஒரே வாயிலில் ராணுவம், கடற்படை, வணிகக் கப்பல் என்று மூன்று தரப்பு இருந்தது. மூன்றுக்கும் பொதுவான ஓர் ஒப்புதல் முறை உறுதியாக இருந்திருந்தால், விளக்கில்லாத ஒரு கப்பல் ஆயிரம் பேரோடு அந்த இருட்டுக்குள் நுழைந்திருக்காது. பூலோன் வழியில் ஓடியபோது இந்தக் கப்பல் எப்போது வரும் என்று கரைக்குத் தெரிந்திருந்தது. ஜட்லாந்தில் சொன்னதைக் கேட்க ஆள் இல்லாததால் ஒரு தகவல் வீணானது. மணிலா வாயிலில் அதே குறைக்கு விலை ஆயிரம் உயிர்.

கூட்டத்தையும் ஒரு காரணமாகச் சேர்க்க வேண்டும். நெருக்கி ஏற்றும் கப்பலில் மேல்தளத்துக்கு வரும் வழிகள் எவ்வளவு அகலமாக இருந்தாலும் சில நிமிடங்களில் ஆயிரம் பேர் வெளியேற முடியாது. வாரியரிடமிருந்து 700 பேர் மாறியபோது அவர்கள் எல்லோரும் மேல்தளத்தில் தயாராக நின்ற பயிற்சி பெற்ற மாலுமிகள், பகல் வெளிச்சமும் இருந்தது. இங்கே இருட்டு, உறக்கம், குழந்தைகள். காப்பாற்றுவதில் கைகொடுத்த அதே கொள்ளளவு, மூழ்கியபோது சாவின் எண்ணிக்கையைக் கூட்டியது.

எண்ணெய் படர்ந்த நீரில் தத்தளித்தவர்களைத் தேடி அமெரிக்கக் கடற்படையின் டார்பிடோ படகுகள் மூன்று விரைந்தன. ஒவ்வொன்றும் 77 அடி நீளம்தான். அதில் ஒரு படகு மட்டும் இருநூறுக்கு நெருக்கமானவர்களை ஏற்றியது. மொத்தம் முந்நூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிழைத்தார்கள்.

ரிவியேரா இரண்டாம் உலகப் போரையும் தாண்டி, 1957 வரை இருந்து, பிறகு உடைக்கப்பட்டது. ரட்லண்ட் பிற்காலத்தில் ஜப்பானுக்கு வேலை செய்தவர், 1941 இறுதியில் பிரிட்டனில் காவலில் வைக்கப்பட்டார். அவர் ஓட்டிய 8359 விமானத்தின் உடற்பகுதி, 1940 குண்டுவீச்சில் சேதமடைந்தும் மிஞ்சி, இன்று இங்கிலாந்தின் யோவில்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.